பித்தளை ட்ரிகர் கார்டு, ஒரு துருக்கட்டி, ஒரு ஈயக்குண்டு: எந்தத் துப்பாக்கி, எந்தக் காலம்?

செம்மண்:
எல்லோருக்கும் வணக்கம். உழுது போட்ட ஒரு நிலத்தில், உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு மெட்டல் டிடெக்டர் ஓட்டினேன். ஒரே மூலையில், நாலைந்து காலடி இடைவெளிக்குள் நான்கு சாமான்கள் வந்தன. முதலில் பித்தளை ட்ரிகர் கார்டின் (விசையைச் சுற்றி இருக்கும் காப்பு) வளைவு, பின்பக்கம் முறிந்திருக்கிறது, முன்பக்கத்தில் குறுக்காக ஒரு துளை. அடுத்தது தட்டையான ஒரு பித்தளைத் தகடு, லேசாக நெளிந்த வடிவம், இரண்டு திருகாணித் துளைகள். மூன்றாவது சுமார் 18 செ.மீ. நீளத்துக்கு ஒரு துருக்கட்டி, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் ஏதோ புடைத்துக்கொண்டு நிற்கிறது. கடைசியாக வெள்ளை பூத்த ஈயக்குண்டு ஒன்று. துருக்கட்டியை டிடெக்டர் வெறும் இரும்பு என்றுதான் காட்டியது, பித்தளை கிடைத்த இடம் என்பதால் மட்டுமே தோண்டினேன்.

இன்னொரு இடத்தில் படம் போட்டதற்கு, "பித்தளை என்றால் பிரவுன் பெஸ், 1722" என்று, அதாவது பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி என்று, ஒரே வரியில் பதில் வந்தது. அது எனக்குப் போதவில்லை. எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள், அது சரியா என்று தெரிய வேண்டும். இதுவரை தண்ணீரில்கூடக் கழுவவில்லை.

கருமருந்து:
கழுவாமல் வைத்தது ரொம்ப நல்லது, அப்படியே இருக்கட்டும். எதற்கும் முன்னால் ஒரு கேள்வி: குழல் ஏதாவது கிடைத்ததா? கிடைத்திருந்தால் அதைச் சூடாக்கவோ துளைக்கவோ தட்டிப் பார்க்கவோ கூடாது. பின்முனை மூடியிருக்கும் பழைய குழலுக்குள் மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே இருக்கலாம். துரு வாயை அடைத்துவிட்டால் கருமருந்து நூற்றாண்டுகள் தாண்டியும் எரியும் தன்மையோடு இருக்கும். ஒரு மரக்குச்சியை மெதுவாக உள்ளே விட்டு அது எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள், வெளி நீளத்தைவிட ஒரு விரற்கடைக்கு மேல் குறைந்தால் உள்ளே என்னவோ இருக்கிறது. அது வெறும் மண்ணாகவும் இருக்கலாம், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் வெடிபொருள் தெரிந்தவர்தான், நாம் இல்லை.

இனி உங்கள் கேள்வி. "பித்தளை என்றால் பிரவுன் பெஸ்" என்பது பாதி உண்மை. பிரிட்டிஷ் ராணுவ மஸ்கெட்டுகளில் (வாய் வழியே கெட்டிக்கும் நீண்ட துப்பாக்கிகள்) ட்ரிகர் கார்டு, பட் பிளேட் (கட்டையின் பின்முனைத் தகடு), சைடு பிளேட் (சுடும் பொறிக்கு எதிர்ப்பக்கத்துத் தகடு, உங்கள் இரண்டு துளைத் தகடு அதுபோலத் தெரிகிறது), இடிகம்பி செருகும் குழாய்கள் எல்லாம் பித்தளை. பிரெஞ்சு ராணுவ மஸ்கெட்டில் இவை பெரும்பாலும் இரும்பு. அதனால் போர் நடந்த இடங்களில் பித்தளையைப் பார்த்ததும் பிரிட்டிஷ் என்றும் இரும்பைப் பார்த்ததும் பிரெஞ்சு என்றும் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் பிரஷ்யாவின் போட்ஸ்டாம் மஸ்கெட்டிலும் பித்தளைதான், ஸ்பெயினின் 1752 மாடலிலும் பித்தளைதான், வேட்டைக்காரர்களுக்கும் வியாபாரத்துக்கும் செய்த எத்தனையோ துப்பாக்கிகளிலும் பித்தளைதான். உலோகம் ஒரு திசையைக் காட்டும், ஆண்டைக் காட்டாது.

1722 என்பது லாங் லேண்ட் மாடலின் தொடக்கம், 46 அங்குலக் குழல். அந்தக் குடும்பம் நூறு வருடத்துக்கும் மேல் ஓடியது. 1760களின் கடைசியில் 42 அங்குல ஷார்ட் லேண்ட் வந்தது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்துகொண்டிருந்த 39 அங்குல மாடலை 1797-ல் பிரிட்டிஷ் ராணுவமே எடுத்துக்கொண்டது, அதுதான் இந்தியா பேட்டர்ன். இந்த மூன்றில் எதன் துண்டாக இருந்தாலும் மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு "பிரவுன் பெஸ்" தான். அதற்கு 1722 என்று ஆண்டு போட்டால் எழுபது எண்பது வருடம் தப்பிவிடும்.

அளவுகள் கொடுங்கள்: ட்ரிகர் கார்டின் அகலம், முறிவின் நிறம், தகட்டின் இரு துளைகளுக்கு இடையிலான தூரம், தகட்டின் உள்பக்கம், குண்டின் எடை. குண்டுக்கு எடைதான் முக்கியம், விட்டம் அடுத்ததுதான்.

பழங்காசு:
முறிவின் நிறத்தை ஏன் கேட்கிறார் என்று புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. முறிந்த விளிம்பும் மற்ற இடத்தைப் போலவே பச்சைக் களிம்பு பிடித்து மங்கியிருந்தால் அது புதைவதற்கு முன்பே முறிந்தது. விளிம்பு மட்டும் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தால் கலப்பையோ உங்கள் மண்வெட்டியோ முறித்திருக்கும், மீதித் துண்டு பக்கத்திலேயே கிடக்க வாய்ப்பு உண்டு. போய்த் தேடலாம்.

தகட்டின் உள்பக்கத்தையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். வார்ப்புப் பித்தளையின் உள்பக்கத்தை யாரும் மெருகேற்ற மாட்டார்கள், அரம் போட்ட கோடுகள் அப்படியே இருக்கும். அதற்கு நடுவே உளியால் போட்ட மாதிரி இரண்டு மூன்று கோடுகள், அல்லது ரோமன் எண் போல ஏதாவது இருந்தால் அது இணைப்புக் குறி. பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாத காலத்தில், இந்தத் துப்பாக்கியின் பாகங்கள் இவை என்று தொழிலாளி போட்டுக்கொண்ட அடையாளம். ட்ரிகர் கார்டிலும் அதே குறி இருந்தால் இரண்டும் ஒரே துப்பாக்கி என்று துணிந்து சொல்லலாம்.

செம்மண்:
அண்ணா, நீங்கள் கேட்டதில் பார்க்க முடிந்தது இதோ. முறிவு மற்ற இடத்தைப் போலவே மங்கலான பச்சை, பளபளப்பு இல்லை. தகடு நன்றாகத் தட்டை, ஓரங்களில் மட்டும் லேசான சரிவு, எங்கும் முறிவு இல்லை. தகட்டின் உள்பக்கத்தில் மண் ஒட்டியிருக்கிறது, ஆனால் இடையில் குறுக்காக மூன்று வெட்டுகள் தெரிகின்றன. ட்ரிகர் கார்டின் உள்பக்கமும் அதே போல மூன்று வெட்டுகள்! பழங்காசு சார் சொல்லாவிட்டால் அதை அரத்தின் தடம் என்றே விட்டிருப்பேன்.

குண்டு 31.4 கிராம். வெர்னியரில் ஒரு பக்கம் 17.3 மி.மீ., இன்னொரு பக்கம் 17.8.

ஈயக்குண்டு:
என் பேருக்கு ஏற்ற கேள்வி வந்துவிட்டது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 11.34 கிராம். உருண்டையான குண்டு என்றால் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, மும்மடி போட்டு, 0.00594 ஆல் பெருக்கினால் எடை கிராமில் வரும். திருப்பிப் போட்டால் எடையிலிருந்து விட்டம். உங்கள் 31.4 கிராமுக்கு 17.4 மி.மீ. வருகிறது, அங்குலத்தில் 0.69க்குக் கொஞ்சம் கீழே. வெர்னியர் ஏன் இரண்டு எண் காட்டுகிறது என்றால் மேலே பூத்த வெள்ளைப் படிவம், வார்ப்பு அச்சின் தையல், விழுந்த வேகத்தில் வந்த நசுங்கல் எல்லாம் சேர்ந்துதான். எடை இவற்றால் அவ்வளவாக மாறாது. தட்டையாகிப்போன குண்டுக்கும் இதே கணக்கு செல்லும் என்பதுதான் இதன் அருமை, துண்டு உடைந்து போகாமல் இருந்தால் போதும்.

பிரிட்டிஷ் மஸ்கெட்டின் குழல் 0.75 அங்குலம், அதற்குப் போட்ட குண்டு ஏறத்தாழ 0.69. ஒரு பவுண்டு ஈயத்துக்குப் பதினான்கரை குண்டு என்பது அவர்கள் கணக்கு, அப்படி வகுத்தால் 31 கிராம் சொச்சம். பிரெஞ்சு மஸ்கெட்டின் குழல் 0.69, அதன் குண்டு 0.65 அளவில், 26, 27 கிராமுக்குப் பக்கம் வரும். குழலைவிடக் குண்டு சிறியது என்பதைப் பலரும் மறந்துவிட்டு 0.69 குண்டைப் பார்த்ததும் பிரெஞ்சு என்கிறார்கள், அது தப்பு. காகிதத் தோட்டாவோடு வேகமாகக் கெட்டிக்கவும், சில சுற்று சுட்டபின் குழலுக்குள் படியும் கரியைத் தாண்டி இறங்கவும் அந்த இடைவெளி வேண்டும்.

ஆக உங்கள் குண்டு பிரிட்டிஷ் அளவோடு பொருந்துகிறது. பொருந்துகிறது என்று மட்டும்தான் சொல்வேன். ஈயக்குண்டை எந்த வீட்டு அடுப்பிலும் வார்க்கலாம், அதற்கென்று காலம் கிடையாது. அடியில் குழிந்து கூம்பாக இருந்தால் அது வேறு கதை. மினியே குண்டு 1849க்குப் பிந்தியது, அங்கே ஈயமே ஆண்டு சொல்லும்.

குண்டில் பல்தடம் மாதிரி பள்ளங்கள் இருந்தால் உடனே அறுவைச் சிகிச்சையின்போது சிப்பாய் கடித்தது என்று எழுதிவிடாதீர்கள், அவற்றில் பெரும்பகுதி பன்றியும் எலியும் கடித்தவை.

மேழி:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். தட்டையான சைடு பிளேட், முன்துளை, பிரிட்டிஷ் அளவுக் குண்டு, இவ்வளவு இருக்கும்போது ஏன் இன்னும் தயங்க வேண்டும்? பிரவுன் பெஸ் என்றே வைத்துக்கொண்டு 1722 முதல் 1840 வரை என்று எழுதிவிடலாமே. அகலமான வரம்பு என்றால் பிழையும் இல்லை.

கருமருந்து:
பிழை இல்லைதான் மேழி, ஆனால் அதனால் பயனும் இல்லை. கையில் இருக்கும் பாகமே வரம்பைச் சுருக்கித் தரும்போது அதைப் படிக்காமல் விடக் கூடாது. நான் பின்பற்றும் வழி இதுதான்: பாகத்தில் தெரியும் அம்சங்களில் எது கடைசியாக உலகத்துக்கு வந்ததோ, அந்த ஆண்டுதான் கீழ் வரம்பு. பழைய அம்சங்கள் எத்தனை இருந்தாலும் கணக்கில்லை. பழைய மாதிரியைப் பின்னால் வந்தவனும் செய்யலாம், இன்னும் வராததை முன்னால் இருந்தவன் செய்ய முடியாது.

இங்கே பாருங்கள். தொடக்கத்து லாங் லேண்டில் சைடு பிளேட் புடைத்து உருண்டிருக்கும், பின்னால் வால் நீளும். பிறகு தட்டையாகிறது. செம்மண் தம்பியின் தகடு தட்டை, வால் இருந்ததற்கான முறிவும் இல்லை என்கிறார். அதனால் 1722ஐ இப்போதே விட்டுவிடலாம். ட்ரிகர் கார்டின் முன்துளை தோள்வார் மாட்டும் வளையத்துக்கானது, அது ராணுவத் துப்பாக்கி என்ற பக்கம் எடையைக் கூட்டுகிறது. வேட்டைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் அந்தத் துளை இருக்காது. ஆனால் உண்மையான பதில் அந்தத் துருக்கட்டிக்குள் இருக்கிறது. 18 செ.மீ. என்கிறீர்கள், துருவைக் கழித்தால் ஆறே முக்கால் ஏழு அங்குலம், மஸ்கெட் லாக்கின், அதாவது சுடும் பொறியின், நீளம் அது. கைத்துப்பாக்கி லாக் இதைவிடக் குட்டை.

சுத்தியால் தட்டித் துருவை உடைக்கும் எண்ணம் வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பல இடங்களில் இரும்பே மீதமிருக்காது, துருவின் உருவம்தான் பொருளின் உருவம். முதலில் எக்ஸ்ரே எடுக்க வழி தேடுங்கள். அருங்காட்சியகப் பராமரிப்புக் கூடங்களில் செய்வார்கள், கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்தவர்களும் உண்டு.

தேன்சிட்டு:
இழைக்குள் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரு இரும்புக் குதிரை (துப்பாக்கியில் விழுந்து அடிக்கும் சுத்தி) மட்டும் தனியாக இருக்கிறது, சக்கிமுக்கிக் கல்லைப் பிடிக்கும் தாடைகள் இல்லை, மூக்கில் ஒரு சிறு குழி. கூடவே இரண்டு காலித் தோட்டாக்கள், ஒன்றின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. இதற்கும் ஆண்டு சொல்ல முடியுமா?

கருமருந்து:
முடியும் தோழி, உங்களுடையது இன்னும் சுலபம். மூக்கில் குழி என்றால் அது கேப் (அடித்தால் வெடிக்கும் மருந்து வைத்த சிறு மூடி) அடிக்கும் குதிரை. அடிபட்ட கேப் சிதறிக் கண்ணில் தெறிக்காமல் இருக்க அந்தக் குழி நிப்பிளை (கேப் மாட்டும் சிறு குழாய்) மூடிக்கொள்ளும். அடித்தால் வெடிக்கும் மருந்தை வைத்துத் துப்பாக்கி சுடும் யோசனைக்கு ஃபோர்சைத் காப்புரிமை பெற்றது 1807, செம்புக் கேப் பரவியது 1820களில், பிரிட்டிஷ் ராணுவம் அதற்கு மாறியது 1830களின் கடைசியில். ஆகவே உங்கள் குதிரை 1820க்கு முன் இருக்க வழியில்லை என்றே சொல்லலாம். மேல் வரம்பு மட்டும் நீளும். இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கிகளில் கேப் முறை அந்த நூற்றாண்டின் கடைசி வரையும் அதற்குப் பிறகும் ஓடியது. குதிரை ஒரு பக்கமாக வளைந்திருக்கிறதா, நேராக நிற்கிறதா, விரல் வைக்கும் இடத்தில் கட்டம் போட்ட கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் படம் போடுங்கள்.

தோட்டாக்களை ஈயக்குண்டு பார்க்கட்டும்.

ஈயக்குண்டு:
ஓரத்தில் துளை இருப்பது பின்ஃபயர். அந்தத் துளை வழியே ஒரு சிறு ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், குதிரை அதன் தலையில் அடிக்க உள்ளே இருக்கும் கேப் வெடிக்கும். பிரான்சின் லெஃபோஷே 1830களில் கொண்டுவந்த ஏற்பாடு. இன்னொன்றின் அடியைப் பாருங்கள், நடுவில் கேப் இல்லாமல் விளிம்பில் மட்டும் அடிபட்ட தடம் இருந்தால் ரிம்ஃபயர், ஃப்ளோபெர் 1845. நடுவில் கேப் இருந்தால் சென்டர்ஃபயர், வாயின் வழியே வெளிச்சம் போட்டு உள்ளே எட்டிப் பாருங்கள், நடுவில் ஒரு துளை என்றால் பாக்ஸர் முறை, இரண்டு சிறு துளைகள் என்றால் பெர்டன் முறை. இரண்டும் 1860களின் நடுவில் வந்தவை. சுருட்டிய மெல்லிய பித்தளைத் தகட்டால் உடலும் இரும்பால் அடித்தட்டும் இருந்தால் பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள்களான ஸ்னைடர் அல்லது மார்ட்டினி ஹென்றியின் தொடக்க காலத் தோட்டா. ஸ்னைடர் ராணுவத்துக்கு வந்தது 1866, மார்ட்டினி ஹென்றி 1871.

குண்டு செருகியபடியே இருக்கும் முழுத் தோட்டா கிடைத்தால் கழுவவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம், உங்கள் பகுதியில் அதற்குப் பொறுப்பானவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

செம்மண்:
எக்ஸ்ரே கிடைத்துவிட்டது! ஒரு பராமரிப்புக் கூடத்தில் கருணையோடு எடுத்துக் கொடுத்தார்கள். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன். லாக் தட்டு முழுசாக இருக்கிறது, கீழ் விளிம்பு ஏறக்குறைய நேர்கோடு. குதிரை தாடைகளோடு நிற்கிறது, அதன் கழுத்தில் நடுவே வட்டமான ஒரு வெற்றிடம், மோதிரம் மாதிரி. எஃகுத் தட்டு (கல் மோதித் தீப்பொறி பறக்கும் தகடு) கிண்ணத்தின் (பற்றவைக்கும் மருந்து வைக்கும் குழி) மேல் மூடியே இருக்கிறது. குதிரை முழுக்க விழவும் இல்லை, முழுக்க இழுக்கப்படவும் இல்லை, நடுவில் நிற்கிறது. இன்னொன்று, தாடைகளுக்கு நடுவே மற்ற எல்லாவற்றையும்விட வெள்ளையாக ஒரு சின்னப் பட்டை, உள்ளே ஒரு சாம்பல் நிழல்.

கருமருந்து:
இந்த ஒரு பத்திக்காகவே இந்த இழை நல்ல இழை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

வெள்ளைப் பட்டை ஈயம். இரும்பைவிட ஈயம் எக்ஸ்ரேயை அதிகம் தடுக்கும், அதனால் அவ்வளவு வெள்ளை. சக்கிமுக்கிக் கல் தாடையில் வழுக்காமல் இருக்க ஈயத்தகட்டில் சுற்றிப் பிடிப்பார்கள், உள்ளே இருக்கும் சாம்பல் நிழல்தான் கல். அதாவது கல்லோடு, சுடத் தயாரான நிலையில் இந்த லாக் மண்ணுக்குப் போயிருக்கிறது. குதிரை நடுவில் நிற்பது பாதுகாப்பு நிலை, எஃகுத் தட்டு மூடியிருப்பதும் அதோடு ஒத்துப்போகிறது. கழித்துக் கட்டிய உதிரிப் பாகம் என்றால் கல்லைக் கழற்றியிருப்பார்கள், நல்ல கல்லுக்கு அப்போது மதிப்பு இருந்தது. கூடத்தில் சுத்தம் செய்யும்போது அந்தக் கல்லின் நிறத்தைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். தேன் நிறம் என்றால் பெரும்பாலும் பிரெஞ்சுக் கல், கறுப்பு என்றால் இங்கிலாந்தின் பிராண்டன் கல்லாக இருக்கலாம். ஆனால் சிப்பாய்கள் கிடைத்த கல்லைப் போட்டுக்கொண்டார்கள், கல்லை வைத்துத் துப்பாக்கியின் நாட்டை முடிவு செய்ய முடியாது.

அடுத்து, கழுத்தில் மோதிரம். நீங்கள் தேடிய ஆண்டு அங்கேதான் இருக்கிறது. முதலில் இந்தியா பேட்டர்னின் குதிரைக்கு மெலிந்து வளைந்த அன்னக் கழுத்து. அடிக்கடி அந்தக் கழுத்திலேயே முறியும். இந்தியா பேட்டர்னில் 1809-ல் அதை மாற்றி, கழுத்தைத் தடிப்பாக்கி நடுவில் வட்டமாகக் குடைந்த குதிரையைக் கொண்டுவந்தார்கள். மேழி, இப்போது பாருங்கள், தகடு, குண்டு, ட்ரிகர் கார்டு எல்லாம் சேர்ந்து தராத கீழ் வரம்பை இந்த ஒரு வட்டம் தந்துவிட்டது. பிரெஞ்சு ராணுவ லாக்கிலும் கழுத்தில் வட்டம் உள்ள குதிரை உண்டு, அதுவும் இதைவிட முன்னாலேயே. ஆனால் 1777 மாடல் என்றால் கிண்ணம் பித்தளையாக இருக்கும், கூடவே கிடைத்த தகடும் கார்டும் இரும்பாக இருந்திருக்க வேண்டும். அதனால்தான் பாகங்களைக் கூட்டமாக வைத்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

மேல் வரம்புக்கும் எக்ஸ்ரேயில் துப்பு உண்டு. கேப் முறைக்கு மாற்றிய லாக்குகளில் கிண்ணத்தை அறுத்து எடுத்துவிட்டு, எஃகுத் தட்டின் திருகாணி இருந்த துளையையும் அதன் வில் இருந்த துளையையும் உலோகத்தால் அடைத்திருப்பார்கள், அடைப்பின் வட்டம் எக்ஸ்ரேயில் தெரியும். உங்களுடையது மாற்றப்படவே இல்லை. கல்லோடுதான் வாழ்ந்து முடிந்திருக்கிறது.

பழங்காசு:
ஒன்றைச் சேர்க்க வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். செய்த ஆண்டு வேறு, தொலைந்த ஆண்டு வேறு. இந்தியா பேட்டர்ன் பல லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. நெப்போலியன் காலத்துப் போர்களில் பிரிட்டன் அதைப் போர்த்துகலுக்கும் ஸ்பெயினுக்கும் பிரஷ்யாவுக்கும் ரஷ்யாவுக்கும் அனுப்பியது. போர் முடிந்ததும் மிச்சம் இருந்தவை உலகம் பூராவும் விற்கப்பட்டன, 1830களில் மெக்சிகோ ராணுவத்தின் கையில் இருந்ததும் இதுவே. ஆகவே பிரிட்டிஷ் லாக் கிடைத்தது என்பதால் அந்த நிலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய் நின்றான் என்று எழுத முடியாது. அந்த முடிவுக்கு உடைப் பித்தான், பெல்ட் தகடு, நாணயம் போன்ற வேறு சாட்சிகள் வேண்டும்.

லாக் தட்டில் முத்திரை இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். 1764க்கு முன் பிரிட்டிஷ் ராணுவ லாக்கின் வாலில் ஒப்பந்தக்காரரின் பெயரோ டவர் (லண்டன் டவர் ஆயுதக்கூடம்) என்ற சொல்லோ, கூடவே ஆண்டும் இருக்கும். அதற்குப் பின் ஆண்டு போடுவதை விட்டுவிட்டார்கள், டவர் என்று மட்டும் இருக்கும். நடுவில் கிரீடமும் ஜி.ஆர். (ஜார்ஜ் அரசர்) எழுத்துகளும், கிண்ணத்துக்குக் கீழே சின்னக் கிரீடமும் அம்புக்குறியும் இருந்தால் அரசாங்க ஆயுதம். நின்றபடி முன்கால் தூக்கிய சிங்கம் இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனி, அது 1808 வாக்கில் வந்த முத்திரை, அதற்கு முன் அவர்கள் போட்டது நான்காகப் பிரித்த இதய வடிவம். குழல் கிடைத்தால் பின்முனையின் இடப்பக்கத்தைப் பாருங்கள், முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜில் சோதித்தது. அந்த முட்டை வடிவத்தின் மேல் கிரீடம் உட்கார்ந்திருந்தால் 1893க்குப் பின்.

மேழி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். 1809 என்பது நான் சொன்ன 1722ஐவிட எவ்வளவோ நெருக்கம். ஆனால் ஒரு கேள்வி, குதிரை உடைந்து போனதால் பிற்காலத்தில் புதுக் குதிரையை மாட்டியிருக்கலாம் அல்லவா? அப்போது லாக் பழையது, குதிரை மட்டும் புதியது.

கருமருந்து:
நல்ல கேள்வி. நடக்கக்கூடியதுதான், நடந்தும் இருக்கிறது. அப்போதும் தொலைந்த காலத்தின் கீழ் வரம்பு மாறாது, 1809க்கு முன்னால் அந்தக் குதிரையோடு அது தொலைந்திருக்க முடியாது. மாறுவது செய்த காலம் மட்டும். அதற்கு லாக்கின் மற்ற பாகங்களைப் பார்க்க வேண்டும். குதிரை உட்காரும் இடத்தில், தட்டின் மேல் விளிம்பில் அதன் தோள் வந்து மோதும் தடம் இருக்கும், பழைய குதிரையின் தடம் வேறு இடத்தில் இருந்தால் மாற்றியது என்று தெரியும். துருவுக்குக் கீழே அந்த அளவு நுணுக்கம் மிஞ்சியிருக்கிறதா என்பது சுத்தம் செய்கிறவர் சொல்ல வேண்டியது.

செம்மண்:
கூடத்தில் லாக்கை முழுக்கச் சுத்தம் செய்யாமல், தட்டின் நடுவில் ஒரு சிறு பகுதியை மட்டும் நுண்ணிய மணல்தூளைக் காற்றோடு பீய்ச்சித் திறந்து காட்டினார்கள். கிரீடத்தின் அடிப்பட்டை தெளிவாக இருக்கிறது, அதன் கீழே ஒரு எழுத்தின் கால், ஆர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சிங்கம் இல்லை. வால் பக்கம் துரு ஆழமாக அரித்திருப்பதால் திறக்க வேண்டாம் என்றார்கள். தோள் மோதும் தடம் ஒன்றே ஒன்று, இப்போதுள்ள குதிரைக்குப் பொருந்துகிறது. கல் கறுப்பு.

இப்போது நான் எழுதிவைத்திருப்பது: இந்தியா பேட்டர்ன் மஸ்கெட், அரசாங்க முத்திரை, 1809 அல்லது அதற்குப் பின், கேப் முறைக்கு மாற்றப்படாதது. ட்ரிகர் கார்டும் சைடு பிளேட்டும் ஒரே துப்பாக்கியைச் சேர்ந்தவை, மூன்று வெட்டுக் குறி ஆதாரம். லாக்கும் அதே துப்பாக்கியினுடையது என்பதற்கு அருகாமை மட்டுமே ஆதாரம், குண்டுக்கும் அப்படியே. சரியா?

கருமருந்து:
மிகச் சரி. எது ஆதாரம், எது ஊகம் என்று பிரித்து எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆறு மாதம் கழித்து நீங்களே அதைப் படிக்கும்போது அந்தப் பிரிவுதான் காப்பாற்றும். கூடத்தில் அடுத்த முறை போகும்போது லாக்கின் உள்பக்கம் திறக்கப்பட்டால் அங்கேயும் மூன்று வெட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஊகம் ஆதாரமாகிவிடும்.

நான்கும் கிடைத்த இடங்களை ஜி.பி.எஸ். எண்ணோடும் ஆழத்தோடும் குறித்தீர்களா? இல்லையென்றால் நினைவு இருக்கும்போதே ஒரு வரைபடம் போடுங்கள், ஒன்றுக்கொன்று எத்தனை மீட்டர் என்று. உழுத நிலம் என்பதால் பொருள்கள் கொஞ்சம் நகர்ந்திருக்கும், ஆனாலும் அந்தக் கூட்டம் கூட்டம்தான். உங்கள் நாட்டில் பழம்பொருள் கண்டெடுத்தால் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தால், இந்த எழுத்தும் வரைபடமும் எக்ஸ்ரேயும் அப்படியே அறிக்கையாகிவிடும்.

தேன்சிட்டு:
அண்ணா, வீட்டில் வைத்துக்கொள்வது எப்படி என்றும் சொல்லிவிடுங்கள், எனக்கும் உதவும். பித்தளையை எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்க்கலாம் என்கிறார்கள்.

பழங்காசு:
வேண்டவே வேண்டாம் தோழி. அமிலம் பட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மேலே நிற்கும், இளஞ்சிவப்பாகத் திட்டுத்திட்டாக ஆகிவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. மேலும் மெல்லிய முத்திரைகளும் படைப்பிரிவு எண்களும் களிம்பிலேயேதான் பதிந்திருக்கும், தேய்த்தால் அவையும் சேர்ந்து போகும். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான தூரிகையும் போதும், காய்ந்த பிறகு மைக்ரோ கிரிஸ்டலின் மெழுகு மெல்லியதாக ஒரு பூச்சு.

இரும்புக்கு எதிரி மண்ணிலிருந்து ஏறிய உப்பு. வெளியே காய்ந்து நன்றாக இருப்பது போல் தெரியும், சில வாரத்தில் ஆரஞ்சு நிறத் துளிகள் வியர்த்து, ஏடு ஏடாகப் பிளக்கும். அந்த உப்பைக் காரக் கரைசலில் ஊறவைத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், எரிக்கும் ரசாயனம் என்பதால் தெரிந்தவரிடம் விடுவது நல்லது. அதுவரை காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் புதிதாகப் போடுங்கள்.

ஈயக்குண்டை மரப்பெட்டியிலோ அட்டைப்பெட்டியிலோ வைக்காதீர்கள், குறிப்பாக ஓக் மரம். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைத் தூளாக அரித்துவிடும். பாலித்தீன் பை, பையின் மேலே கண்டெடுத்த எண், எடை, தேதி. இரும்பையும் ஈயத்தையும் ஒரே டப்பாவில் போட வேண்டாம்.

செம்மண்:
எல்லாம் குறித்துக்கொண்டேன். ஜி.பி.எஸ். எண்கள் இருக்கின்றன, வரைபடம் போட்டு இங்கே ஏற்றுகிறேன். ட்ரிகர் கார்டு பழைய முறிவு என்றாலும், முறிந்த வால் துண்டும் அந்த மூலையில்தான் கிடக்க வேண்டும் என்று படுகிறது. உரிமையாளர் அறுவடை முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார், இந்த முறை இரும்பு சிக்னல் எதையும் விடாமல் தோண்டப் போகிறேன். குழல் வந்தால் தொடுவதற்கு முன் இங்கே எழுதுகிறேன்.